பிள்ளைகளோடு படம் பார்க்கப் போகுமுன்: கிறிஸ்தவ நோக்கில் தமிழ்த் திரைப்படங்கள்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பெரிய நாயகனின் படம் வெளியாகும் வாரத்தில், சிங்கப்பூரின் தமிழ்த் தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: “இந்தப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?” கேட்பவர் பெரும்பாலும் தாய். பதில் சொல்பவர்கள் பலர். வெட்டுக்குத்து அதிகம் என்பார் ஒருவர். பாட்டுக் காட்சியில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார் இன்னொருவர். வில்லன் கழுத்தில் சிலுவை தொங்குகிறது என்று மூன்றாமவர் குறைப்படுவார். போதகரிடம் கேட்டால் அவர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தாலும் சொல்ல மாட்டார்.

இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படம் பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா என்பது ஒன்று. படம் சொல்வதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அரசாங்கமே பதில் தந்துவிடுகிறது. கிறிஸ்தவ நோக்கிலான திரைப்பட விமர்சனம் என்பது இரண்டாவது கேள்விக்கான வேலை. உலகெங்கும் தேவாலயங்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. பல முறை தடுமாறியும் இருக்கின்றன.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வசிக்கும் இந்தியர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கிறிஸ்தவர். ஓஃபிர் சாலையில் 1888ல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென எழுந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கத் தமிழர்களின் கிறைஸ்ட் சர்ச். இவற்றுக்கும் தேக்காவின் திரையரங்குக்கும் இடையே தூரம் அதிகமில்லை. மெக்கன்சி சாலையின் ரெக்ஸ் திரையரங்கு 1946ல் திறக்கப்பட்டு, பிற்காலத்தில் தமிழ், இந்திப் படங்களுக்கென்றே இயங்கியது. ஷார்ட் ஸ்திரீட்டில் ஆராதனை முடித்து நடந்தே மதியக் காட்சிக்குப் போய்விடலாம். போனவர்களும் உண்டு, தேவாலயத்தில் யாரிடமும் சொல்லாமல்.

வயதுத் தரம் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூரில் திரைப்படங்களுக்கு வயதுத் தரம் வழங்கும் முறை 1991ல் தொடங்கியது. அதற்கு முன், ஒரு படம் எல்லாருக்கும் ஏற்றதாக வெட்டப்படும், இல்லையென்றால் வெளிவராது. இன்று ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என ஆறு தரங்கள் உள்ளன. முதல் மூன்றும் பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. என்சி16 முதல் வயதுச் சான்று கேட்பார்கள். ஆர்21 படங்கள் நீண்டகாலம் நகர மையத்துத் திரையரங்குகளில் மட்டுமே ஓடின. வீவக வட்டாரத்துத் திரையரங்குகளுக்கு வரவில்லை.

இந்த முறை பயனுள்ளது. வன்முறை, பாலியல் காட்சி, வசைச்சொல், போதைப்பொருள் ஆகியவை எவ்வளவு என்று அது அளந்து சொல்கிறது. ஆனால் அளக்கக்கூடியதை மட்டுமே அதனால் அளக்க முடியும். ஒரு துளி ரத்தம் இல்லாத பிஜி படம், பணமிருப்பவனே மனிதன் என்று இரண்டரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். நாயகியை அவள் விருப்பமில்லாமல் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று காட்டலாம். தரச் சின்னம் அதற்கெல்லாம் வாய் திறக்காது. அது அதன் வேலையுமல்ல.

தேவாலயம் திரையைப் பார்த்த விதம்

தேவாலயங்களும் முதலில் அளப்பதில்தான் இறங்கின. 1930களில் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் ‘லீஜியன் ஆஃப் டீசன்சி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். விசுவாசிகள் தேவாலயத்தில் எழுந்து நின்று, தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று உறுதிமொழி எடுப்பார்கள். படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம். சி என்றால் கண்டிக்கப்பட்டது. ஹாலிவுட் இதற்கு அஞ்சியது. 1936ல் போப் பதினோராம் பயஸ் திரைப்படம் குறித்து எழுதிய சுற்றுமடலில் இந்த இயக்கத்தைப் பாராட்டி, மற்ற நாடுகளிலும் படங்களை ஆராய்ந்து மக்களுக்குச் சொல்ல அலுவலகங்கள் வேண்டும் என்றார்.

அந்தப் பட்டியலின் குறை என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1947ல் வெளியான ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்திரீட்’ என்ற படத்தை இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கிறார்கள். லீஜியன் அதற்குப் பி தரம் கொடுத்தது. காரணம், கதையில் வரும் தாய் மணவிலக்கு பெற்றவள். கதை எதைப் பற்றியது, அந்தத் தாய் எப்படிப்பட்டவள் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. ஒரு கட்டத்தில் குறி போட்டார்கள், முடிந்தது.

காலம் போகப் போகப் பார்வை மாறியது. சினிமாவின் நூற்றாண்டையொட்டி வத்திகன் 1995ல் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். சமயப் படங்களின் வரிசையில், கடவுள் நம்பிக்கையற்ற மார்க்சியரான பசோலினி மத்தேயு நற்செய்தியை வைத்து 1964ல் எடுத்த படம் இருக்கிறது. விழுமியங்களுக்கான வரிசையில் ‘காந்தி’ இருக்கிறது. எடுத்தவர் யார் என்று பார்க்காமல், படம் எதைச் சொல்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கொல்கத்தாவில் 1970ல் ‘சித்ரபாணி’ என்ற ஊடக மையத்தைத் தொடங்கிய ஏசு சபைக் குரு காஸ்டன் ரொபேர்ஜ், கனடாவிலிருந்து வந்து, சத்யஜித் ராயின் நண்பராகி, இந்திய இளையர்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இலங்கையில் அருட்தந்தை எர்னஸ்ட் பொருதொட்ட முன்னின்று நடத்திய கத்தோலிக்கத் திரைப்பட விருதுகள் சிங்களத் திரையுலகில் மதிப்புப் பெற்றன. அவற்றை வாங்கிய கலைஞர்களில் பலர் பௌத்தர்கள். தமிழில் இதற்கு ஈடாகச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. நம் தேவாலய இதழ்களில் சினிமா என்ற சொல் வந்தால் கூடவே ‘மாயை’ என்ற சொல்லும் வரும்.

2006: தடையா, விளக்கமா?

இயேசுவையே கதாபாத்திரமாக்கிய படங்கள் வந்தபோது பேச்சு சூடாகியது. மார்ட்டின் ஸ்கோர்செசி 1988ல் எடுத்த ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ படத்துக்கு உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சிங்கப்பூரில் அது நீண்டகாலம் அனுமதிக்கப்படவில்லை. அதே ஸ்கோர்செசி ஜப்பானில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பற்றி எடுத்த ‘சைலன்ஸ்’ படம், 2016ல் ரோமில் ஏசு சபைக் குருக்களுக்கு முதலில் போட்டுக் காட்டப்பட்டது. முன்னூறுக்கும் மேற்பட்ட குருக்கள் வந்து பார்த்தார்கள். ஒருவரை ஒரு படத்தை வைத்து முத்திரை குத்திவிட்டால் அடுத்த படத்தில் சங்கடப்பட வேண்டிவரும்.

2004ல் மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ வந்தது. ரத்தம் ஆறாக ஓடும் அந்தப் படத்துக்குத் தேவாலயங்களே கூட்டமாக ஆள் சேர்த்தன. வேறு படத்தில் அதில் பாதி ரத்தம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மலேசியாவில், கிறிஸ்தவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்ற நிபந்தனையுடன் அது காட்டப்பட்டது.

சிங்கப்பூருக்கு உண்மையான சோதனை 2006 மே மாதம் ‘தி டாவின்சி கோட்’ வெளியானபோது வந்தது. இயேசுவுக்குத் திருமணமாகி வாரிசு உண்டு, அதைத் திருச்சபை மறைத்தது என்பது கதை. இங்கே தேவாலயத் தரப்பில் கடும் அதிருப்தி இருந்தது. தணிக்கையாளர்கள் படத்தைத் தடுக்கவில்லை. என்சி16 தரம் கொடுத்தார்கள். முதிர்ந்த பார்வையாளர்களால்தான் உண்மையையும் கற்பனையையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பது சொல்லப்பட்ட காரணம். தேவாலயங்கள் விளக்கக் கூட்டங்கள் நடத்தின. நற்செய்தி நூல்கள் எப்போது எழுதப்பட்டன, நைசியா சங்கத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று மக்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதே நேரத்தில் தமிழ்நாட்டில் கதை வேறு. இந்தியத் தணிக்கை வாரியம் பெரியவர்களுக்கான சான்றிதழ் வழங்கிய பிறகும், இது கற்பனை என்ற அறிவிப்பு சேர்க்கப்பட்ட பிறகும், மாநில அரசு படத்தைத் திரையிடத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையை ரத்து செய்தார். ஆந்திராவிலும் தடை நீதிமன்றத்தில் விழுந்தது.

இரண்டில் எது கிறிஸ்தவர்களுக்கு நல்லதாக அமைந்தது? என் கணிப்பு சிங்கப்பூரின் பக்கம். தடை கேட்டவர்கள் படத்தைப் பற்றிப் பேச வாய்ப்பே இல்லாமல் செய்துகொண்டார்கள். அவர்களுடைய கோபம் மட்டுமே செய்தியானது. இங்கே கோபம் விளக்கமாக மாறியது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1992லிருந்து நடப்பில் உள்ள ஊர் இது. எந்தச் சமயத்தையும் இழிவுபடுத்தும் படத்தை இங்கே அனுமதிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால், தெருவில் இறங்கிக் கத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. அந்த அமைதியில்தான் விமர்சனத்துக்கு இடமிருக்கிறது.

தமிழ்த் திரையில் சிலுவை

தமிழ் சினிமா கிறிஸ்தவக் கதைகளை ஒதுக்கிய சினிமா அல்ல. 1948ல் சிட்டாடல் நிறுவனத்தின் ‘ஞானசௌந்தரி’ பெரும் வெற்றி பெற்றது. கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதா அருளால் கைகள் திரும்பும் அந்தக் கதை, அதற்கு முன் மேடை நாடகமாகத் தமிழகமெங்கும் சுற்றியது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். 1971ல் ‘அன்னை வேளாங்கண்ணி’. விஜயசந்தர் இயேசுவாக நடித்து 1978ல் தெலுங்கில் வந்த ‘கருணாமயுடு’, தமிழில் ‘கருணாமூர்த்தி’யானது. பெரிய வெள்ளி வந்தால் அதைத் தேடிப் பார்க்கும் வீடுகள் இன்னும் உண்டு.

இவை பக்திப் படங்கள். சாதாரணப் படங்களில் வரும் கிறிஸ்தவர்தான் பிரச்சினை. நெடுங்காலம் அவருக்கு இரண்டே வேடங்கள். ஒன்று, கடத்தல்காரர் அல்லது கிளப் நடனக்காரி: மைக்கேல், ராபர்ட், ரீட்டா. ‘பாட்ஷா’வின் வில்லன் பெயர் மார்க் ஆண்டனி என்பது குழந்தைக்கும் தெரியும். மற்றொன்று, அநாதை இல்லம் நடத்தும் ஃபாதர், அல்லது மருத்துவமனையில் வெள்ளை உடையில் வரும் சிஸ்டர். ஒன்று பேய், இல்லையென்றால் தேவதை. கடன் கட்டுகிற, தம்பியோடு சண்டை போடுகிற, ஞாயிறு காலை தூங்கிவிட்டுத் தாமதமாக ஆராதனைக்கு ஓடுகிற கிறிஸ்தவரைத் திரையில் பார்ப்பது அரிது.

இன்னொரு வேடிக்கை. தமிழ்ப் படத்தில் தேவாலயம் என்றால் அது கத்தோலிக்கக் கோயிலாகவே இருக்கும். அதில் ஒரு பாவமன்னிப்புக் கூண்டும் இருக்கும். இயக்குநருக்கு அது வசதி. ரகசியத்தைப் பார்வையாளருக்குச் சொல்ல வேறு வழி யோசிக்க வேண்டாம். மெதடிஸ்ட்டுகளும் லூத்தரன்களும் பெந்தெகொஸ்தேகாரர்களும் தமிழ் சினிமாவில் ஏறத்தாழ இல்லவே இல்லை.

காதல் படங்களில் சமயம் பெரும்பாலும் ஒரு தடைக்கல். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) முடிவில் நாயகன் பூணூலையும் நாயகி சிலுவையையும் விட்டெறிகிறார்கள். அந்தக் காட்சிக்கு அன்று கைதட்டல் கிடைத்தது. கிறிஸ்தவ வாசகருக்கு அங்கே ஒரு கேள்வி எழவேண்டும்: சிலுவையை எறிந்தது தப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா, அல்லது அந்தப் பெண்ணுக்குச் சிலுவை என்றாலே அண்ணனின் அதட்டலும் அடியுமாகத் தெரிந்தது ஏன் என்று கேட்பதா? சமயம் கடந்த திருமணங்கள் சாதாரணமாகிவிட்ட சிங்கப்பூரில் இரண்டாவது கேள்விதான் வீட்டுக்குள் வருகிறது.

‘பரதேசி’ எழுப்பிய கேள்வி

2013ஆம் ஆண்டு ஆறு வார இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. பிப்ரவரி 1ஆம் தேதி மணிரத்னத்தின் ‘கடல்’, மார்ச் 15ஆம் தேதி பாலாவின் ‘பரதேசி’. கிறிஸ்தவ விமர்சனம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை.

‘கடல்’ ஜெயமோகன் எழுதிய கதை. மீனவ ஊருக்கு வரும் பாதிரியார் சாம், அவரால் குருமடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு அவரைப் பழிவாங்கத் துடிக்கும் பெர்க்மான்ஸ், இருவருக்கும் நடுவே தாயில்லாமல் வளர்ந்த தாமஸ். பாவம், மன்னிப்பு, மீட்பு என்ற சொற்களை இவ்வளவு நேரடியாகக் கையாண்ட வணிகப் படம் தமிழில் வேறில்லை. பாதிரியார் மீது பொய்ப்பழி விழுகிறது, அவர் சிறைக்குப் போகிறார், திரும்பி வருகிறார். சில கிறிஸ்தவ அமைப்புகள் காட்சிகள் சிலவற்றுக்கு ஆட்சேபம் தெரிவித்தன. படம் ஓடவில்லை. ஆட்சேபித்தவர்களோ ஆதரித்தவர்களோ, படத்தின் நடுவிலுள்ள கேள்வியைப் பேசியதாகத் தெரியவில்லை: ஊரே சேர்ந்து ஒதுக்கிய ஒரு பையன், ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் மாற முடியுமா?

‘பரதேசி’ இன்னும் கடினமான படம். பிழைப்புத் தேடி கங்காணியின் பேச்சை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கும் கிராமத்து மக்கள் கடனில் சிக்கி மீள முடியாமல் போகிறார்கள். கொள்ளைநோய் வந்து கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். அப்போது வரும் கிறிஸ்தவ மருத்துவரும் அவருடைய வெள்ளைக்கார மனைவியும் ஆடிப்பாடி மக்களை மதம் மாற்றுவதாக ஒரு காட்சி. மருத்துவம் பின்னுக்குப் போய்விடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது வலித்தது.

வலித்ததற்கு நியாயம் உண்டு. ஏனென்றால் படத்துக்கு அடிப்படையான ‘ரெட் டீ’ நாவலை எழுதியவரே ஒரு கிறிஸ்தவ மருத்துவர். பால் ஹாரிஸ் டேனியல், வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்து, தொழிலாளர்களிடம் கதைகளைக் கேட்டுச் சேகரித்து, அவர்களுடைய தொழிற்சங்கத்திலும் உழைத்தவர். 1969ல் நாவல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். தோட்டத்து மக்களின் துயரத்தை உலகுக்குச் சொன்ன மருத்துவரின் புத்தகத்திலிருந்து எடுத்த படத்தில், மருத்துவர் கேலிப்பொருளாகிவிட்டார். இதை எடுத்துச் சொல்வது விமர்சகரின் கடமை. இது சமய உணர்வு புண்பட்டது என்ற புகார் மட்டுமல்ல. ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி பற்றிய உண்மைத் தகவல்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் விமர்சனம் பாதியில் நின்றுவிடும். அந்தக் காட்சி சில நிமிடங்கள்தான். மீதமுள்ள நேரம் முழுவதும் படம் பேசுவது கூலி மறுக்கப்பட்டவர்களைப் பற்றி. கூலிக்காரரின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்ற கருத்தை யாக்கோபு தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கூக்குரலைத்தான் படம் கேட்க வைக்கிறது. கடைசியில் நாயகன், தன் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்குக் கொண்டுவரப்படுவதைப் பார்த்துக் கதறும் காட்சியை மறக்க முடியாது.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இது தூரத்துக் கதையல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணி முறையில்தான் ஆள் எடுத்தார்கள். 1938ல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்தது. செம்பவாங், சிலேத்தார் பக்கங்களில்கூட ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வட்டாரத்து வீவக வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களுக்கும் போதகர்கள் போனார்கள். சிலர் பள்ளிக்கூடம் வைத்தார்கள், சிலர் மருந்து கொடுத்தார்கள். துரையோடு விருந்துண்டுவிட்டுத் தொழிலாளிக்குப் பொறுமையைப் போதித்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அதனால் ‘பரதேசி’யைப் பற்றி எழுதும் கிறிஸ்தவர் இரண்டையும் சொல்ல வேண்டும்: டேனியலுக்குப் படம் அநியாயம் செய்தது, தோட்டத்து மக்களுக்கு நியாயம் செய்தது. முதலாவதை மட்டும் சொல்பவருக்குத் தன் சமயத்தின் பெயர் மட்டுமே பெரிதாகத் தெரிகிறது என்று பக்கத்து வீட்டு இந்து நண்பர் நினைத்தால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நடப்புப் படங்களில் எதைத் தேடுவது?

கிறிஸ்தவப் பாத்திரமே இல்லாத படங்கள்தான் பெரும்பாலானவை. அவற்றில் சிலுவையைத் தேடிப் பயனில்லை. மனிதன் என்றால் யார், எது தவறு, தவறுக்குப் பின் என்ன வழி என்று படம் எண்ணுகிறது என்பதைத் தேடலாம்.

சி. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ (2024) ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையின் திருமணத்துக்கு ஊர் திரும்புகிறான். அங்கே ஒரு சொந்தக்காரன் அவனை அன்பால் திக்குமுக்காட வைக்கிறான். இவனுக்கோ அந்தச் சொந்தக்காரனின் பெயர்கூட நினைவில்லை. தான் விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றியது என்று கேட்டபோது வெட்கத்தில் குன்றிப்போகிறான். தகுதியில்லாமல் கிடைக்கும் அன்பைக் கிறிஸ்தவர்கள் ‘கிருபை’ அல்லது ‘அருள்’ என்பார்கள். ஊதாரி மைந்தன் உவமையை அறிந்தவர்களுக்கு (கெட்ட குமாரன் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கும்தான்) இந்தப் படத்தில் பேச நிறைய இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இயக்குநர் கிறிஸ்தவ உவமை எடுக்க உட்காரவில்லை. உறவும் ஊரும் பற்றிய தமிழ்க் கதை அது. அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து நம் உறுப்பினராக்கிக்கொள்ளக் கூடாது.

அதே ஆண்டு வந்த ‘மகாராஜா’ எதிர்த்திசையில் நிற்கும் படம். நித்திலன் சுவாமிநாதன் மிகத் திறமையாகக் கட்டிய கதை. ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமையும் அதற்கான பழிவாங்கலும் மையம். பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போவதா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். பெரியவர்கள் பார்த்தால் பேச வேண்டிய இடம் இறுதிக் காட்சி. தான் யாருக்குக் கொடுமை இழைத்தோம் என்று குற்றவாளி அறியும் கணம். வேதம் படித்தவர்களுக்கு அங்கே நாத்தான் தாவீது அரசனிடம் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை நினைவுக்கு வரும். கதை கேட்டுக் கொதித்தவனிடம், அந்த மனிதன் நீயே என்று காட்டிய கதை. ஆனால் தாவீதுக்கு மனந்திரும்ப இடமிருந்தது. ‘மகாராஜா’வில் அந்த இடம் இல்லை. பார்வையாளர் அப்போது நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார் என்றால், அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பழிவாங்குவது நம் கையில் இல்லை என்று பவுல் ரோமருக்கு எழுதியதை ஏற்பவருக்குத் தமிழ் சினிமாவின் பாதிப் படங்களோடு வழக்கு இருக்கும். அந்த வழக்கை நேர்மையாகச் சொல்வது, முத்தக் காட்சிகளை எண்ணுவதைவிடப் பெரிய வேலை.

விமர்சனம் எழுதவோ தேவாலய இளையர் குழுவில் பேசவோ விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பார்க்காத படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இணையத்தில் சுற்றும் அரை நிமிடத் துணுக்கு படமாகாது. கதையை நியாயமாகச் சொல்லுங்கள், இயக்குநரே படித்தாலும் ஆம், இதுதான் என் படம் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு. வயதுக்கு ஒவ்வாததைத் தனியாக, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அதையே கட்டுரையாக்க வேண்டாம். மற்றச் சமயத்தவரின் வழிபாடு திரையில் வந்தால் அதைப் பற்றி ஏளனமாக ஒரு சொல்லும் வேண்டாம். நம்மைக் கேலி செய்யும்போது நமக்கு வலிப்பதுதான் அவர்களுக்கும்.

பெற்றோர் நுழைவுச்சீட்டு வாங்குமுன், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் படத்தின் தரத்தைத் தேடிப் பார்க்கலாம். வன்முறையா, வசைச்சொல்லா, எதற்காக அந்தத் தரம் என்ற குறிப்பும் அங்கே இருக்கும். பிஜி13 என்பது ஆலோசனைதான் என்பதால் பத்து வயதுப் பிள்ளையையும் உள்ளே விடுவார்கள், முடிவு உங்களுடையது. படம் முடிந்து விரைவு ரயிலில் வீடு திரும்பும்போது முதலில் பிள்ளை பேசட்டும். “உனக்கு யாரைப் பார்த்துப் பாவமாக இருந்தது?” என்ற ஒரு கேள்வி போதும். வில்லனின் பெயரைச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.